கேளாமல் எடுத்த மாடு

பிள்ளை, இதை நீ கொழும்பில் இருந்து வாசிக்கும்போது உனக்குக் கொஞ்சம் கோபம் வரும். "போனில சொல்லியிருக்கலாமே அப்பா, ஏன் ஊருக்கெல்லாம் தெரிய எழுதினனீங்கள்" என்று கேட்பாய். போனில் சொன்னால் "ஓமப்பா, ஓமப்பா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு ஏதாவது தட்டிக்கொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியாதா? வாசிகசாலைப் பெடியள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னைக் கரைச்சல் படுத்திக்கொண்டிருந்தார்கள். குளக்கட்டு திருத்தாமல் கிடப்பதைப் பற்றி நாலு பேருக்குச் சுடுகிற மாதிரி எழுதுவதாகத்தான் இருந்தேன். பிறகு யோசித்தேன். நம் வீட்டு முற்றத்தில் நடந்த சண்டையை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது இந்த ஊர்தான். அதற்கான மறுமொழியையும் ஊர் வாசிக்கட்டும் என்று குளக்கட்டை அடுத்த வருசத்துக்குத் தள்ளிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இலுப்பைக்கடவைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பையைத் தோளில் போட்டபடி, என் முகத்தைப் பாராமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நீ சொன்னாய்: "அந்த மாட்டைத் தூக்கிப்போட்டன் அப்பா. இன்ரநெற்றில எடுத்த மற்ற மாட்டோடையே கேமை முடிக்கலாம். இல்லாட்டி அப்பிடியே விட்டிடலாம். இனி வேலையும் வந்திட்டுது தானே." நான் வாயைத் திறக்க முன் பஸ் வந்துவிட்டது. நீ ஏறி, யன்னல் பக்கம் இருந்து, கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். உனக்கு வேலை கிடைத்ததில் நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கோயிலடியில் நின்று போகிற வருகிறவரை எல்லாம் மறித்து மறித்துச் சொன்னவன் நான். ஆனால் அந்தக் கேமை விட்டிடலாம் என்று நீ சொன்னது எனக்கு நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடக்கிறது. விடாதே பிள்ளை. இந்த முழுக் கடிதமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். ஏன் விடக்கூடாது என்று கேட்பாய், சின்ன வயதிலேயே எதற்கும் ஏன் கேட்கிற பிள்ளை நீ, ஆகவே நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நீ அதை எனக்குக் காட்டிய நாளை நினைத்துப் பார். ஒரு தகப்பனும் மகளும் கட்டறுத்துக்கொண்டு போன மாட்டைத் தேடி வயல், வாய்க்கால், குளக்கட்டு, கடற்கரை என்று அலைகிற கேம் என்றாய். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லப்டொப்புக்குள் பார்த்தால், பச்சை நிறத் தரையில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு சின்னப் பெட்டியும் வழுக்கிக்கொண்டு போகின்றன. தூரத்தில் இன்னொரு பெட்டி நிற்கிறது. "இதில எது நான், எது மாடு?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து, "வித்தியாசம் தெரியாட்டில் பரவாயில்லை, ரெண்டும் ஒண்டுதான்" என்றாள். ஓடவும் திரும்பவும் வேலியில் முட்டவும் எல்லாம் நீயே எழுதி முடித்திருந்தாய். ஆனால் உனக்குக் கீறத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நீ கீறிய மயிலைப் பார்த்து ரீச்சர் நல்ல கோழி என்று சொன்னதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. தனியாகக் கேம் செய்கிற ஆட்களுக்கு இதுதான் பெரிய கண்டம் என்று எனக்கு விளக்கினாய்: ஆள், மாடு, மரம், வீடு, அவற்றின் அசைவு எல்லாவற்றையும் யாராவது செய்து இணையத்தில் போட்டிருப்பார்கள், தேடி எடுக்க வேண்டும், அதற்கு அசெட் என்று பெயர்.

தேடினாய், தேடினாய், கண் சிவக்கச் சிவக்கத் தேடினாய். கிடைத்ததை எல்லாம் எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லையே. கறுப்பும் வெள்ளையுமாய்த் திட்டுத் திட்டாக, முதுகில் திமில் இல்லாத, கழுத்தில் பித்தளை மணி கட்டிய ஒரு மாடு. "உது பால்மாப் பெட்டியில நிக்கிற மாடு. எங்கட வெயிலுக்குள்ள விட்டா மத்தியானத்துக்குள்ள படுத்திடும்" என்றேன். கூரையில் புகைபோக்கி வைத்த வீடு, பனி விழுகிற நாட்டு மரம். ஒரு ஆளைக் காட்டினாய். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் வீசி வீசி, அவசரமாக எங்கேயோ சண்டைக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். அவனுக்கு நீ சாரம் கட்டிவிட்டிருந்தாய். சாரம் கட்டிக்கொண்டு அந்த நடை நடந்தால் நாலாவது எட்டிலேயே அவிழ்ந்துவிடும் என்று சொன்னேன். நீ சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தபோது, சடங்கு வீட்டுக்கு ஊரெல்லாம் இரவல் வாங்கிய கதிரைகள் மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றன. அதற்கும் நீ சளைக்கவில்லை. நிறங்களை மாற்றி, அளவுகளை மாற்றி, புகைபோக்கிகளை வெட்டி எறிந்து, எல்லாவற்றையும் ஒரு ஊருக்குள் கொண்டுவரப் பாடுபட்டாய். அந்தப் பொறுமை என்னிடம் இருந்து வந்ததில்லை. அம்மாவிடம் இருந்தும் வந்ததில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அந்த நாட்களில் உன்னிடம் நான் கண்டு மெச்சிய ஒரு குணம் உண்டு. இதை நேரே சொன்னதில்லை. ஒரு கிணறு எடுத்தாய். நம்மூர்க் கிணற்றுக்குக் கிட்டத்தட்ட வருகிற, கட்டு வைத்த கிணறு. சும்மா கிடைக்கிறதுதானே, எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்று நான் சொன்னேன். "அப்பிடி எடுக்கேலாது அப்பா" என்று சொல்லிவிட்டு, அதோடு வந்த நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் இருந்து வாசித்தாய். விற்கிற கேமில் போடலாமா, மாற்றலாமா, பெயர் குறிப்பிட வேண்டுமா என்றெல்லாம் பார்த்தாய். ஒரு இடம் விளங்கவில்லை என்று அதைச் செய்தவனுக்கே எழுதிக் கேட்டாய். அவன் பிரேசிலில் இருக்கிறானாம். தாராளமாகப் பாவி, என் பெயரை மட்டும் போட்டுவிடு என்று மறுமொழி எழுதியிருந்தான். கேமின் கடைசியில் நன்றி சொல்கிற பக்கத்தில் அவன் பெயரை முதலாவதாகப் போட்டாய். ஒரு கிணற்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பகிடி பண்ணினேன் என்றாலும், படுக்கப் போகும்போது அம்மாவிடம் சொன்னேன், பிள்ளையை நல்லாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று. ஓம், நீங்கள் வளர்த்துக் கிழித்தீர்கள் என்றாள் அவள்.

பிறகு ஒருநாள் வந்து, "அப்பா, உங்கட நடை வேணும்" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை ஒரு தடியில் கட்டி வரம்பில் நட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடவுங்கோ என்றாய். இத்தனை வருசமாக நடக்கிற வரம்புதான். ஆனால் நட என்று சொன்னதும் எனக்கு எந்தக் காலை முன்னுக்கு வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அணிநடை போகிறவன் மாதிரி விறைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா வரம்பில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னப்பா, கலியாணத்துக்கு வந்த அண்டைக்கும் உப்பிடித்தான் நடந்தனீங்கள்" என்றாள். எனக்குக் கோபம் வந்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிடந்த பக்கம் போய்விட்டேன். அங்கே சேற்றுக்குள் இறங்கி, காலைப் புதைத்துப் புதைத்து எடுத்து, எனக்குள்ளேயே புறுபுறுத்துக்கொண்டு நான் மண் வெட்டிப்போட்டதை எல்லாம் நீ பின்னால் நின்று எடுத்தது எனக்குத் தெரியாது.

அதைப் பார்த்துப் பார்த்து, கால் கால், கை கையாக நீ அந்தக் கேம் மனிதனுக்கு ஏற்றினாய். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாய். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். ஒரு மனிதன் சேற்றுக்குள்ளால் போகிறான். இடது தோள் கொஞ்சம் சரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு காலையும் எடுக்கும்போது கழுத்தை முன்னால் நீட்டுகிறான். "நான் இப்பிடியே நடக்கிறன்?" என்று கேட்டேன். இதைவிட மோசம் என்றாள் அம்மா. நான் சிரித்துவிட்டு வெளியே போனேன். எதற்குப் போனேன் என்று இப்போது சொல்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தாங்க முடியாமல் போய்விட்டது பிள்ளை.

அந்த உற்சாகத்தில்தான் நீ மாட்டுக்குப் போனாய். விதைப்புக் காலம், எங்கள் மாடுகளை எல்லாம் மேய்ச்சலுக்குச் சாய்த்துவிட்டிருந்தோம். அயலுக்குள் இருக்கிற தம்பிராசா அண்ணையின் சிவலைப் பசு மட்டும் பால் கறவைக்காக வீட்டோடு நின்றது. அது வீதியோரம் புல்லுக் கடித்துக்கொண்டு நிற்கையில் நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாய். தோலின் நிறம், தழும்பு, கொம்படி, பின் தொடையில் சுட்டிருந்த குறி, எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் கேமுக்குள் இருந்த மாட்டுக்குப் போர்த்தினாய். எனக்குக் காட்டியபோது கை தட்டாத குறையாகப் புகழ்ந்தேன். யாருடைய மாடு என்று நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். குறியும் தெரிந்தது, த போட்டு அதற்குக் கீழே ஒரு பிறை. கேட்டாயா என்று உன்னிடம் நானும் கேட்கவில்லை. நம்மூர் மாடுதானே என்று இரண்டு பேருக்கும் எண்ணம்.

ஊர்ப் பெடியளுக்கு விளையாடிப் பார்க்கக் கொடுத்தாய். அது போனுக்குப் போன் தாவி, தம்பிராசா அண்ணையின் மகன் கைக்கும் போய், அவன் தகப்பனுக்குக் காட்டியிருக்கிறான். அடுத்த நாள் காலமை அவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை என்றேன். அவர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பிள்ளை, உது ஆரின்ர மாடு?"

"உங்கட சிவலை மாமா" என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். அவர் சந்தோசப்பட வந்திருக்கிறார் என்று நினைத்தாய்.

"என்ர மாடு. என்ர குறி. அது அடுத்தவன்ர வயலுக்க பூந்து மேயுது. அதுவும் ஒரு பக்கம் இல்லை, ரெண்டு பக்கமும் குறி கிடக்கு. மற்றப் பக்கம் திரும்பிக் கிடக்கு. குறியை மாத்திச் சுடுறது ஆர் எண்டு தெரியுமோ? மாட்டுக் கள்ளன். பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

உன் முகம் செத்துப்போய்விட்டது. ஒரு பக்கத்துத் தோலைச் செய்து மற்றப் பக்கத்துக்குத் திருப்பிப் போடுவதுதான் வழக்கம், வேலை மிச்சம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லப் பார்த்தாய். உலகத்தில் வேறு எங்கே என்றாலும் அது ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. இங்கே மாட்டைப் பார்க்கிற எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர் விடவில்லை. "கடைசியில நன்றி எண்டு பேர் போட்டிருக்கிறாய், பெடியன் வாசிச்சுச் சொன்னவன். கிணறு தந்தவன் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ? அவனைக் கேட்டு எடுத்திருக்கிறாய். நான் நாலு வேலி தள்ளி இருக்கிறன். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீயோ?"

அதற்கு நீயும் நானும் தலையைக் குனிந்திருக்க வேண்டும். நீ குனிந்தாய். எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதே. போன போகம் அவருடைய மாடுகள் எங்கள் கதிருக்குள் இறங்கியதையும், கமக்காரர் கூட்டத்தில் அவர் அதை இல்லை என்று சாதித்ததையும் இழுத்துவந்து, "உள்ளதைத்தானே பிள்ளை போட்டிருக்கிறாள், உங்கட மாடு வயலுக்க இறங்காத மாடோ?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். வேலிக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் விசயம் முற்றத்தோடு முடிந்திருக்கும். நீ உள்ளே போய் லப்டொப்பை மூடினாய்.

மூன்று நான்கு நாள் கழித்துத்தான் திரும்பவும் திறந்தாய். சிவலை இல்லை. பால்மாப் பெட்டி மாடு மணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது. "இதுக்கு ஒருத்தரும் கோவிக்க மாட்டினம் அப்பா" என்றாய். உண்மைதான், ஒருவரும் கோபிக்கவில்லை. நீ வெளியே போன நேரம் நான் இருந்து விளையாடிப் பார்த்தேன். என்னைப் போலவே நடக்கிற அந்த மனிதனைச் சேற்றுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் நிறுத்திவிட்டேன். அந்த மாட்டைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? யாருடையதும் இல்லாத மாட்டை யார் தேடுவார்கள் பிள்ளை? இதைத்தான் சந்தியில் உனக்குச் சொல்ல வந்தேன்.

நீ செய்த பிழை ஊர் மாட்டை எடுத்தது இல்லை. கேளாமல் எடுத்ததுதான். பிரேசில்காரனின் நிபந்தனையை வரி வரியாக வாசித்த பிள்ளைக்கு, பக்கத்து மனிதனுக்கும் ஒரு நிபந்தனை இருக்கும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தெரிந்தவர்களுடையது எல்லாம் எங்களுடையது என்று நினைப்பது எங்கள் சனத்தின் பழக்கம். கொத்தமல்லியில் இருந்து ஏணி வரைக்கும் அப்படித்தான். நாளைக்கு உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம், கலியாணம் கட்டினால் கட்டுகிறவனிடம், ஏன் எங்களிடமும் இதை ஞாபகம் வைத்துக்கொள். தூரத்து ஆளிடம் கேட்கிற மாதிரியே கிட்ட இருக்கிற ஆளிடமும் கேள். என் நடையைக் கூட நீ கேட்டுத்தான் எடுத்தாய் என்று சொல்வாய். சேற்றுக்குள் எடுத்ததைக் கேளாமல்தான் எடுத்தாய், அதை நான் மன்னித்துவிட்டேன்.

நீ போய் இரண்டாம் நாள் காலமை நான் தம்பிராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். அம்மா துரத்தினாள் என்று எழுதினால்தான் அது உண்மை. அவர் கறந்து முடித்துக் கன்றை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டின் மற்றப் பக்கம் நின்றுகொண்டு, அன்றைக்குக் கத்தினது பிழை அண்ணை என்றேன். பிள்ளை உங்கள் மாட்டை அழித்துவிட்டாள், இனி ஒரு கரைச்சலும் இல்லை என்றேன்.

"அழிச்சுப்போட்டாளோ?" என்று கேட்டார். கயிற்றைக் கையில் சுற்றினார். "நான் கேக்கத்தானே சொன்னனான். அழிக்கச் சொன்னனானோ?"

அவர் பலகையில் இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். பிறகு சொன்னதை நான் அவரோடு இத்தனை வருசம் பழகியும் கேட்டதில்லை. இடம்பெயர்ந்து போன நேரம், ஷெல் குண்டு விழ விழ, எல்லோரையும் போல அவரும் பட்டியைத் திறந்து கயிறுகளை அவிழ்த்துவிட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு வெள்ளாங்குளம் பக்கமாக நடந்தார். நாங்களும் அப்படித்தான் போனோம்; நீ அம்மாவின் இடுப்பில் இருந்தாய். திரும்பி வந்தபோது மாடுகள் காட்டுக்குள் சிதறிக் கிடந்தன. அவர் விடியப் போய்ப் பொழுதுபட வருவாராம். காணுகிற மாட்டுக்குப் பின்னால் எல்லாம் போய்த் தொடையைப் பார்ப்பாராம். வேறு குறி, வேறு குறி, குறி இருந்த இடமே வெந்து போனது, அல்லது குறிக்கு மேல் குறி. பெண்சாதி போதும் விடுங்கோ என்று சொன்ன பிறகும் போனாராம். கடைசியில் முள்ளுப் பற்றைக்குள் ஒரு பசு நின்றது. கிட்டப் போக விடவில்லை. தூரத்தில் நின்று பிறையைக் கண்டிருக்கிறார். "அவ்வளவுதான் கிடைச்சது, தம்பி. அதின்ர வழியில வந்ததுதான் இந்தச் சிவலை" என்றார்.

நான் எழும்பி நின்று முறைப்படி கேட்டேன். அண்ணை, உங்கள் சிவலையையும் உங்கள் குறியையும் என் பிள்ளை அவளுடைய கேமில் போட விடுவீர்களோ என்று கேட்டேன். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஓம் என்றார். குறி ஒரு பக்கம் மட்டும், வலப்பக்கத் தொடையில். பிரேசில்காரனுக்குப் போட்ட மாதிரி அவருடைய பெயரும் போட வேண்டும். வயலுக்குள் இறங்குவது பரவாயில்லையாம், மாடு என்றால் இறங்கும்தானாம். போன போகத்துக் கதைக்கும் அதிலேயே மறுமொழி வந்துவிட்டது.

நான் வெளிக்கிட்டுப் படலையடிக்கு வந்தபோது பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, பெடியன் கடைசி வரைக்கும் விளையாடினவன். முடிவு இன்னும் செய்யேல்லையாம். அந்தத் தேப்பனுக்கும் பிள்ளைக்கும் கடைசியில மாடு கிடைக்குமோ?"

தெரியாது அண்ணை, பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கேட்டுச் சொல்லு என்றார். நேற்றும் சந்தியில் கண்டு கேட்டார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, பிள்ளை. அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிற,
அப்பா